கடலூர் பக்கத்துப் பிள்ளைங்களுக்கு நர்சிங்: பிஎஸ்சியா ஜிஎன்எம்மா, பாண்டியா சிதம்பரமா, ஹாஸ்டலா பஸ்ஸா

பிளஸ் டூ ரிசல்ட் வந்த அன்னிக்கு ராத்திரியே எங்க சித்தி பொண்ணு நெல்லிக்குப்பத்துல இருந்து போன் பண்ணிட்டா, அக்கா நான் நர்சிங்தான் போறேன், எத எடுக்கட்டும் சொல்லுன்னு. பயாலஜி குரூப், மார்க் நல்லாத்தான் வந்திருக்கு, சித்தப்பாவுக்கு கரும்பு வித்த காசு வந்தாதான் அந்த வருஷமே ஓடும், அதுல பீஸ் கட்டணும். அதுக்குள்ள ரெண்டு ஏஜென்ட் வீட்டுக்கே வந்துட்டு போயிட்டாங்களாம், ஒருத்தர் பெங்களூர்ல சீட் வாங்கித் தரேன்னாராம், இன்னொருத்தர் பாண்டி ரோட்லயே இருக்கு இன்னைக்கே டோக்கன் அட்வான்ஸ் குடுங்கன்னாராம். அவளுக்கு அன்னிக்கு ராத்திரி ஒரு மணி நேரம் போன்ல சொன்னதையும் அப்புறம் யோசிச்சு சேத்ததையும் இங்க எழுதுறேன், ஏன்னா ஜூன் மாசம் வந்தா இதே கேள்விய நாலு பேரு கேக்குறாங்க, கடலூர் பண்ருட்டி சிதம்பரம் பக்கம் இருக்குற எந்த வீட்டுக்கும் இது ஒத்துவரும்.

நான் படிச்சது ஜிஎன்எம்னு சொல்ற நர்சிங் டிப்ளமோ, மூணு வருஷம். அப்புறம் ரெண்டு வருஷம் வேலை பாத்துட்டு போஸ்ட் பேசிக் பிஎஸ்சி, அதாவது ஜிஎன்எம் முடிச்சவங்க டிகிரி வாங்குற கோர்ஸ், ரெண்டு வருஷம். என்கூட ஸ்கூல்ல ஒரே பெஞ்சுல உக்காந்தவ நேரா பிஎஸ்சி நாலு வருஷம் போனா. ரெண்டு ரூட்டையும் பக்கத்துல இருந்து பாத்திருக்கேன், அதனால சொல்றேன்.

முதல்ல சேர்ற விதி. பிஎஸ்சி நர்சிங்குக்கு பிசிக்ஸ், கெமிஸ்ட்ரி, பயாலஜி மூணும் படிச்சிருக்கணும், அதோட இங்கிலீஷும், சயின்ஸ் பாடத்துல 45 சதவீதம் வேணும், எஸ்சி எஸ்டிக்கு 40, டிசம்பர் 31க்குள்ள 17 வயசு முடிஞ்சிருக்கணும். ஜிஎன்எம்முக்கு இந்தியன் நர்சிங் கவுன்சில் விதிப்படி பிளஸ் டூவுல எந்த குரூப்னாலும் 40 சதவீதம் இருந்தா போதும், இங்கிலீஷ் பாஸ் பண்ணிருக்கணும். சயின்ஸ் குரூப்புன்னா முன்னுரிமைன்னு போட்டிருக்கும், கவர்மென்ட் சீட்டுக்கு என்ன கேக்குறாங்கன்றத அந்தந்த வருஷ ப்ராஸ்பெக்டஸ்ல ஒரு வரி விடாம படிச்சிடுங்க. ஏஎன்எம்னு ரெண்டு வருஷ கோர்ஸ் ஒண்ணு இருக்கு, பொண்ணுங்களுக்கு மட்டும், கிராம சுகாதார செவிலியர் வேலைக்கு அதுதான் அடிப்படை, ஆரம்ப சுகாதார நிலையத்துல வேலை பாக்க ஆசைன்னா அது தனி ரூட். ஆஸ்பத்திரி வார்டுல நிக்கணும்னு நினைக்கிற பொண்ணுக்கு அது பத்தாது, அதனால அத இந்த ஒப்பீட்டுல இழுக்கல.

இப்ப எந்த வாசல்னு பாப்போம், இங்கதான் நம்ம மாவட்டத்துக்காரங்க நெறைய பேரு குழம்புறாங்க. கடலூர்ல இருந்து பஸ் ஏறி முள்ளோடை தாண்டினா பாண்டிச்சேரி, அரை மணி நேரத்துல போயிடலாம், அதனால பாண்டி கவர்மென்ட் சீட்டும் நமக்கு கிடைக்கும்னு நினைச்சுக்குறோம். கிடைக்காது. பாண்டியில சீட்டு போடுறது சென்டாக்குன்ற அந்த ஊர் கவர்மென்ட் அட்மிஷன் கமிட்டி, அதுல கவர்மென்ட் கோட்டா அந்த ஊர் குடியிருப்பு சான்று இருக்கறவங்களுக்குத்தான். கோரிமேடு இந்திரா நகர்ல இருக்குற மதர் தெரசா கவர்மென்ட் இன்ஸ்டிடியூட்ல குறைஞ்ச பீஸ்ல படிக்குற சீட்டு பாகூர் பொண்ணுக்கு இருக்கும், அங்கேருந்து கூப்பிடு தூரத்துல தமிழ்நாட்டு எல்லைக்குள்ள இருக்குற நம்ம ஊர் பொண்ணுக்கு இருக்காது. கேக்க கஷ்டமாத்தான் இருக்கு, எனக்கே அந்த வயசுல அது புரியாம ஒரு வாரம் அலைஞ்சேன். பாண்டி பிரைவேட் காலேஜுல நமக்கு கிடைக்கறது வெளிமாநில இல்ல மேனேஜ்மென்ட் சீட்டு, அதுக்கு பீஸு வேற.

ஜிப்மர் மட்டும் விதிவிலக்கு. அது சென்ட்ரல் கவர்மென்டோடது, 2008ல பார்லிமென்ட்ல தனிச் சட்டம் போட்டு தேசிய முக்கியத்துவம் வாய்ந்த நிறுவனமாக்கினது. பிஎஸ்சி நர்சிங்குக்கு முன்னாடி தனியா என்ட்ரன்ஸ் வெச்சிருந்தாங்க, இப்ப நீட் மார்க்லதான் எடுக்குறாங்க. நீட் எழுதினா மட்டும் போதாது, ரிசல்ட்டுக்கு அப்புறம் ஜிப்மர் வெப்சைட்ல தனியா அப்ளிகேஷன் போடணும், இத மறந்து கோட்டை விட்டவங்கள எனக்குத் தெரியும். பீஸு வருஷத்துக்கு சில ஆயிரம்தான், கேஸ் ஷீட்டுக்கு பஞ்சமே இல்லாத ஆஸ்பத்திரி, தமிழ்நாட்டுல பாதி ஜில்லா அங்கதான் வருது. நீட்டுன்னா டாக்டருக்குத்தான்னு நர்சிங் போக நினைக்கிற பிள்ளைங்க எழுதவே மாட்டேங்குறாங்க. எழுதுங்க. மிலிட்டரி நர்சிங் சர்வீஸும் நீட் மார்க்க வெச்சுத்தான் கூப்பிடுது, நாடு முழுக்க 220 சீட்டு, பொண்ணுங்களுக்கு மட்டும், படிப்பு செலவு அவங்களோடது, முடிச்சதும் ஆபீசரா சர்வீஸ் பண்ணணும்.

நீட் எழுதாதவங்களுக்கு தமிழ்நாட்டு வாசல் இருக்கு. இங்க பிஎஸ்சி நர்சிங்குக்கு பிளஸ் டூ மார்க்தான் ரேங்க், பாராமெடிக்கல் டிகிரி கவுன்சிலிங்னு ஒரே அப்ளிகேஷன்ல போகும், சென்னை கீழ்ப்பாக்கத்துல இருக்குற செலக்ஷன் கமிட்டி நடத்துறது. நம்ம ஜில்லாவுக்கு இதுல பெரிய ஆறுதல் சிதம்பரம். அண்ணாமலை யுனிவர்சிட்டியோட மெடிக்கல் காலேஜு, டென்டல் காலேஜு, ராணி மெய்யம்மை நர்சிங் காலேஜு மூணையும் 2021ல தமிழ்நாடு சுகாதாரத்துறை எடுத்துக்கிச்சு, பீஸ குறைக்கச் சொல்லி அங்க ஸ்டூடன்ட்ஸ் நாள்கணக்கா உக்காந்து போராடினதுக்கு அப்புறம். அந்தப் பிள்ளைங்க குளிர்ல ராத்திரியெல்லாம் உக்காந்தது இன்னைக்கு நெல்லிக்குப்பத்துல இருக்குற எங்க பொண்ணுக்கு கை குடுக்குதுன்னு நினைச்சா எனக்கு மனசு கனத்துப் போகுது. நெல்லிக்குப்பத்துல இருந்து மாயவரம் போற பாசஞ்சர் ஏறினா சிதம்பரத்துலயே இறங்கலாம், அதுவும் ஒரு சவுகரியம்.

பிஎஸ்சிக்கும் ஜிஎன்எம்முக்கும் என்ன வித்தியாசம்னு கேட்டா எல்லாரும் வருஷக் கணக்க சொல்லுவாங்க, நாலு வருஷம், மூணு வருஷம். வேலைக்குப் போறப்ப எங்க வித்தியாசம் வருதுன்னு நான் சொல்றேன். தமிழ்நாட்டுல கவர்மென்ட் ஆஸ்பத்திரிக்கு ஆள் எடுக்குற எம்ஆர்பி போர்டு நர்ஸ் வேலைக்கு எடுக்கறப்ப ரெண்டு பேரும் ஒரே எக்ஸாம்தான் எழுதலாம், வார்டுல பக்கத்து பக்கத்து பெட்டத்தான் பாப்பாங்க. எய்ம்ஸ் ஆஸ்பத்திரிங்களுக்கு நர்ஸ் எடுக்க எய்ம்ஸ் நடத்துற நார்செட் எக்ஸாம்ல பிஎஸ்சி முடிச்சவங்க நர்சிங் கவுன்சில்ல ரிஜிஸ்டர் பண்ணினதும் எழுதலாம், ஜிஎன்எம் முடிச்சவங்க 50 பெட்டாவது உள்ள ஆஸ்பத்திரில ரெண்டு வருஷம் வேலை பாத்துட்டுத்தான் எழுத முடியும். (தம்பிங்களுக்கு ஒரு வார்த்தை, நார்செட்ல 80க்கு 20ன்னு பொண்ணுங்களுக்குத்தான் பெரும்பங்கு, ஆம்பளைங்களுக்கு போட்டி கடுமை, தெரிஞ்சே வாங்க.) எம்எஸ்சி படிச்சு டீச்சிங் போகணும்னா பிஎஸ்சியோ போஸ்ட் பேசிக்கோ இருந்தே ஆகணும். வளைகுடா பக்கம் ரெண்டு பேரையும் எடுக்குறாங்க, ஆனா சவூதி மினிஸ்ட்ரி மாதிரி இடத்துல பிஎஸ்சின்னுதான் கேக்குறாங்க. நம்ம கவர்மென்டோட ஓவர்சீஸ் மேன்பவர் கார்ப்பரேஷன் அறிவிப்பு விடுறப்ப படிச்சுப் பாத்தாலே எந்த நாட்டுக்கு எந்தப் படிப்பு, எத்தனை வருஷ எக்ஸ்பீரியன்ஸ்னு தெளிவா தெரியும், ஏஜென்ட்ட கேக்க வேணாம்.

ஜிஎன்எம் பிளஸ் போஸ்ட் பேசிக் மொத்தம் அஞ்சு வருஷம், நேரா பிஎஸ்சி நாலு. ஒரு வருஷம் நட்டம்னு கணக்கு சொல்லுவாங்க. எங்க வீட்டு நிலைமைக்கு அது நட்டமா இல்ல, நடுவுல ரெண்டு வருஷம் நான் சம்பாதிச்சேன், தம்பி பாலிடெக்னிக் பீஸ் அதுல போச்சு, போஸ்ட் பேசிக் பீஸும் பாதி என் காசு. ஆனா என்னோட வந்த 30 பேர்ல போஸ்ட் பேசிக் போவோம்னு சொன்னவங்கல்ல நெறைய பேரு போகல, கல்யாணம், குழந்தை, நைட் டியூட்டி, அதுக்கு மேல படிக்கற தெம்பு வரல. அதனால அப்புறம் பாத்துக்கலாம்னு நம்பி ஜிஎன்எம் எடுக்காதீங்க, ஜிஎன்எம் மட்டுமே போதும்னு தோணினா எடுங்க.

இதெல்லாம் எல்லாரும் பாக்கற கணக்கு. நான் அவகிட்ட அரை மணி நேரம் பேசினது வேற ஒண்ணப் பத்தி, அந்த காலேஜுக்குப் பின்னாடி இருக்குற ஆஸ்பத்திரில பேஷன்ட் இருக்காங்களான்றது.

நான் படிச்ச ஸ்கூல் பிரைவேட், பேர் வேணாம். பில்டிங் புதுசு, லேப்ல பொம்மை எல்லாம் பளபளன்னு கண்ணாடி அலமாரில இருந்துச்சு, சொந்த ஆஸ்பத்திரின்னு போர்டும் இருந்துச்சு. உள்ள போனா வார்டுல பெட்ஷீட் மடிப்பு கலையாம இருக்கும். கவுன்சில் விதில சொந்த ஆஸ்பத்திரிக்கு 100 பெட்டு வேணும், ஒரு ஸ்டூடன்ட்டுக்கு மூணு பேஷன்ட் இருக்கணும்னு இருக்கு, எங்களுக்கு மூணு ஸ்டூடன்ட்டுக்கு ஒரு பேஷன்ட் இருந்தா அன்னிக்கு திருவிழா. ஒரே பாட்டிக்கு நாலு பேரு மாத்தி மாத்தி பிபி பாப்போம், அவங்களும் பாவம் கைய நீட்டிக்கிட்டே இருப்பாங்க. முதல் வருஷம் முடியுற வரைக்கும் நான் ஒரு நிஜமான புண்ணுக்கு டிரஸ்ஸிங் பண்ணினதில்ல.

ரெண்டாவது வருஷம் கவர்மென்ட் ஆஸ்பத்திரிக்கு போஸ்டிங் போட்டாங்க, அங்கதான் நான் நர்ஸ் ஆனேன்னு சொல்லணும். சர்ஜிக்கல் வார்டு. தேவனாம்பட்டினத்துல இருந்து வந்த ஒரு அம்மா, மீன் விக்கறவங்க, சுகர், கால்ல புண்ணு குதிகால் வரைக்கும் போயிடுச்சு. பழைய கட்ட பிரிக்கறப்ப வந்த வாசனையில நான் ஒரு அடி பின்னாடி போயிட்டேன். இன்சார்ஜ் சிஸ்டர் ஒண்ணுமே திட்டல, என் முழங்கையப் புடிச்சு முன்னாடி இழுத்து நிறுத்தி, சலைன்ல கட்டு ஒட்டினத நனை, இழுக்காத, நனைஞ்சதும் தானா வரும், பஞ்சு ஒரு இழுப்புக்கு ஒண்ணு, நடுவுல இருந்து வெளிய துடை, துடைச்ச பஞ்ச திரும்ப உள்ள கொண்டு போகாத, அப்டீன்னு மெதுவா சொல்லிக்கிட்டே இருந்தாங்க. ஃபவுண்டேஷன் புக்குல இதே நாலு வரிய நான் பத்து மார்க்குக்கு எழுதியிருக்கேன். ஆனா அந்தம்மா வலியில பல்ல கடிச்சுக்கிட்டு நீ பண்ணு கண்ணு, கத்துக்கன்னு சொன்னாங்க பாருங்க, அதுக்கப்புறம்தான் அந்த நாலு வரிக்கு அர்த்தம் புரிஞ்சுது. அந்த வார்டுல எட்டு வாரத்துல நான் கத்துக்கிட்டது எங்க ஸ்கூல் ஆஸ்பத்திரியில ஒரு வருஷம் கத்துக்கிட்டத விட அதிகம்.

என் ஃப்ரெண்டு பிஎஸ்சி சேந்தது மெடிக்கல் காலேஜோட ஒட்டின காலேஜு. அவ முதல் வருஷத்துலயே தினமும் 40 பேருக்கு டெம்பரேச்சர் பல்ஸ் பாத்தா. நாங்க ரெண்டு பேரும் முடிச்சதும் ஒரே ஆஸ்பத்திரில சேந்தப்ப டிரிப் ஏத்த நரம்புல கேனுலா குழாய் போடுறதுல அவ கை நின்ன மாதிரி என் கை நிக்க எனக்கு ஆறு மாசம் ஆச்சு. இத வெச்சு பிஎஸ்சி உசத்தி ஜிஎன்எம் மட்டம்னு முடிவு கட்டினா தப்பு. கவர்மென்ட் மெடிக்கல் காலேஜ் நர்சிங் ஸ்கூல்ல ஜிஎன்எம் படிச்சுட்டு வர்ற பிள்ளைங்களப் பாருங்க, வேலைக்கு சேந்த முதல் நாளே அட்மிஷன், டிஸ்சார்ஜ், எமர்ஜென்சி ட்ரேன்னு ஓடுவாங்க. அவங்க பாத்த பேஷன்ட் கணக்கு அப்படி. அதனால என் வரிசை இதுதான்: கவர்மென்ட் பிஎஸ்சி, ஜிப்மரோ சிதம்பரமோ வேற ஊரோ கிடைச்சா கண்ண மூடிக்கிட்டு போங்க. அது கிடைக்கலன்னா, கூட்டம் நிறைஞ்ச ஆஸ்பத்திரியோட இருக்குற கவர்மென்ட் ஜிஎன்எம், காலி வார்டு வெச்சிருக்குற பிரைவேட் பிஎஸ்சிய விட நூறு மடங்கு மேல். கடன் வாங்கி பிரைவேட் பிஎஸ்சி போறதா இருந்தா மெடிக்கல் காலேஜ் ஆஸ்பத்திரியோட சேந்த காலேஜா பாருங்க, பாண்டியச் சுத்தி அதுக்கு குறைவில்ல, நம்ம ரோட்லயே கிருமாம்பாக்கம், பிள்ளையார்குப்பம், விழுப்புரம் ரோட்ல அரியூர், மதகடிப்பட்டு, வடக்க காலாப்பட்டுன்னு மெடிக்கல் காலேஜுங்க இருக்கு.

பெங்களூர் சீட்டப் பத்தி சுருக்கமா. அங்க நல்ல காலேஜும் இருக்கு, ஆனா ஏஜென்ட் பேச்ச நம்பி பணம் கட்டாதீங்க. இந்தியன் நர்சிங் கவுன்சில் லிஸ்ட்டையும் அந்த ஸ்டேட் கவுன்சில் லிஸ்ட்டையும் நீங்களே பாருங்க. வகுப்புக்கே வர வேணாம் சர்டிபிகேட் வந்துடும்னு எவனாவது சொன்னா அங்கயே எழுந்து வந்துடுங்க. நாளைக்கு அந்தப் பொண்ணு கையில ஒரு உயிரக் குடுப்பாங்க.

இப்ப வேலைப்பளு. இத யாரும் சேர்றதுக்கு முன்னாடி சொல்றதில்ல, சேந்து ரெண்டாவது மாசம் ஹாஸ்டல் பாத்ரூம்ல அழுவுறப்பத்தான் தெரியும்.

பிஎஸ்சி 2021ல இருந்து புது சிலபஸ், வருஷ எக்ஸாம் போய் எட்டு செமஸ்டர் ஆயிடுச்சு. ஒரு செமஸ்டருக்கு 20 வாரம், வாரத்துக்கு 40 மணி நேரம். முதல் செமஸ்டர்லயே அனாடமி, பிசியாலஜி, சோஷியாலஜி, சைக்காலஜி, இங்கிலீஷ், நர்சிங் ஃபவுண்டேஷன்னு ஆறு வந்து நிக்கும். ஆறு மாசத்துக்கு ஒரு தடவை எக்ஸாம்ன்றதால மூச்சு விட நேரம் கிடையாது, இன்டர்னல் முடிஞ்சு நிமிந்தா யுனிவர்சிட்டி எக்ஸாம் டைம்டேபிள் வந்திருக்கும். ஆனா பாடம் துண்டு துண்டா வர்றதால ஒரேடியா மூழ்க மாட்டோம். ஜிஎன்எம்ல வருஷக் கடைசில எக்ஸாம், அதனால முதல் ஆறு மாசம் லேசா இருக்குற மாதிரி தோணும், அந்தத் தோணல்தான் ஆளக் கவுக்கும், மார்ச் மாசம் பாத்தா அனாடமி முழுசும் அப்படியே கெடக்கும். எனக்கு பயோசயின்ஸ்ல முதல் தடவை போச்சு, அதுக்கு காரணம் அதுதான். தள்ளிப் போடுற பழக்கம் இருக்குற பிள்ளைக்கு செமஸ்டர் சிஸ்டம் நல்லது, அடிச்சு உக்கார வைக்கும். மெதுவா படிச்சு ஆழமா போற பிள்ளைக்கு வருஷ எக்ஸாம் ஒத்துவரும்.

அட்டெண்டன்ஸ்ல ஒரு விஷயம் தெரிஞ்சுக்கணும். தியரிக்கு 80 சதவீதம் இருந்தா எக்ஸாம் எழுதலாம், ஆனா கிளினிக்கல் 100 சதவீதமும் முடிச்சாத்தான் டிகிரி கையில வரும். ஜுரம்னு லீவு போட்டாலும், அக்கா கல்யாணம்னு லீவு போட்டாலும், அந்த நாள திரும்பப் போய் பண்ணித்தான் ஆகணும், எல்லாரும் லீவுக்கு ஊருக்குப் போறப்ப நீங்க வார்டுல நிப்பீங்க. கடைசி செமஸ்டர் முழுக்க இன்டர்ன்ஷிப், 22 வாரம், வாரத்துக்கு 48 மணி நேரம்.

அதோட ரெக்கார்ட். கேர் பிளான், கேஸ் ஸ்டடி, டிரக் ஃபைல், ப்ரொசீஜர் புக். என் நடுவிரல்ல பேனா புடிச்ச காய்ப்பு இன்னும் இருக்கு. பாதி பிள்ளைங்க சீனியர் ரெக்கார்ட வாங்கி அப்படியே காப்பி அடிப்பாங்க, நேரம் மிச்சம்னு. நேரம் மிச்சமாகாது, ஏன்னா வைவால, அதாவது வாய்மொழித் தேர்வுல, மேடம் உன் பேஷன்ட்டுக்கு ஏன் இந்த டயக்னோசிஸ் முதல்ல போட்டேன்னு கேட்டா வாய் திறக்காது. நான் பண்ணினது, வார்டுல இருக்கறப்பவே கையடக்க நோட்டுல பேஷன்ட் சொன்னத அவங்க வார்த்தையிலயே ரெண்டு வரி எழுதிக்குவேன், மூச்சு வாங்குது மல்லாந்து படுக்க முடியல, அப்டீன்னு. ராத்திரி உக்காந்தா அந்த ரெண்டு வரியில இருந்து பிளான் தானா வரும், ஒன்றரை மணி நேரம் ஆகற வேலை முக்கால் மணி நேரத்துல முடியும்.

தமிழ் மீடியத்துல இருந்து வர்ற பிள்ளைங்களுக்கு இங்கிலீஷ் வார்த்தைதான் மலை. ஒவ்வொரு வார்த்தையா மனப்பாடம் பண்ணாதீங்க, வால் பகுதிய மட்டும் புடிங்க. ஐடிஸ்னு முடிஞ்சா அழற்சி, எக்டமின்னு முடிஞ்சா வெட்டி எடுத்தது, ஆஸ்டமின்னு முடிஞ்சா வழி திறந்து விட்டது, முன்னாடி ஹைப்பர்னா கூடுதல், ஹைப்போன்னா குறைவு. இப்படி ஒரு முப்பது தெரிஞ்சா பாதி புக்கு தானா படிக்க வரும். கணக்குல பயப்படுறவங்களுக்கு டிரிப் கணக்கு, மொத்த மில்லிய, அந்த டிரிப் செட்டுல ஒரு மில்லிக்கு எத்தனை சொட்டோ அதால பெருக்கி நிமிஷத்தால வகுக்கணும், அவ்ளோதான். 500 மில்லி, 20 சொட்டு செட்டு, நாலு மணி நேரம்னா 10,000ஐ 240ஆல வகுத்தா கிட்டத்தட்ட 42 சொட்டு ஒரு நிமிஷத்துக்கு. இத வீட்லயே தினம் ரெண்டு போட்டுப் பழகினா வார்டுல கை நடுங்காது.

கடைசியா ஹாஸ்டலா பஸ்ஸான்னு. சித்திக்கு பொண்ண வெளிய விட மனசில்ல, பாண்டின்னா தினம் போயிட்டு வரட்டுமேன்னாங்க. சேர்ந்து கணக்கு போட்டோம். நெல்லிக்குப்பத்துல இருந்து கடலூர், அங்கேருந்து பாண்டி பஸ்ஸு, ஜிப்மர் இருக்குற கோரிமேடுன்னா பாண்டி பஸ் ஸ்டாண்டுல இறங்கி இன்னொரு பஸ்ஸு. ஒரு பக்கம் ஒன்றரை மணி நேரம் லேசா ஆகும், மரப்பாலம் கிட்ட மாட்டினா அதுக்கும் மேல. தினம் மூணு மணி நேரம், ஆறு நாளைக்கு 18 மணி நேரம், அது அந்த 40 மணி நேரத்துக்கு மேல. வார்டுக்கு ஏழரைக்கு நிக்கணும்னா நாலரைக்கு எழுந்திரிக்கணும், திரும்பி வர ஏழு, ரெக்கார்ட் முடிய பதினொண்ணு. இத ரெண்டு மாசம் எந்தப் பொண்ணாலயும் பண்ண முடியும், நாலு வருஷம் பண்ணினா உடம்பு போயிடும். என் பேட்ச்ல ஒருத்தி பண்ருட்டில இருந்து வந்தா, வார்டுல நின்னுக்கிட்டே கண்ணு செருகும், ஒரு நாள் மயங்கியே விழுந்தா, டிபன் சாப்டாம பஸ் புடிச்சிருக்கா. மழைக்காலம் வேற. 2024 ஃபெங்கல் புயலுக்கப்புறம் தென்பெண்ணை பெருகி கரையோர ஊரெல்லாம் தண்ணியில நின்னப்ப வெளிய போய் படிக்கற பிள்ளைங்க பாடு எப்படின்னு நம்ம ஊர்க்காரங்களுக்கு சொல்லத் தேவையில்ல.

ஹாஸ்டல்ல மெஸ் பில் இருக்கு, வீட்டு நினைப்பு இருக்கு, சாம்பார் தண்ணியா இருக்கும். ஆனா தூக்கம் மிச்சம், சீனியர் அக்கா பக்கத்து ரூம்ல இருப்பாங்க, ராத்திரி பத்து மணிக்கு கேர் பிளான் புரியலன்னா கதவ தட்டலாம். பீஸ்ல குறைச்சு ஹாஸ்டலுக்கு வெச்சாலும் பரவால்ல, ஒரு மணி நேரத்துக்கு மேல போற தூரம்னா முதல் ரெண்டு வருஷமாவது ஹாஸ்டல்தான் சரின்னு சித்திகிட்ட கண்டிப்பா சொல்லிட்டேன். அழுதாங்க. எங்க அம்மாவும் அழுதாங்க அப்போ.

சித்தப்பாகிட்ட ஒரு வேலை சொன்னேன். எந்த காலேஜுக்கும் அட்வான்ஸ் குடுக்கறதுக்கு முன்னாடி ஒரு சாயங்காலம் அந்த ஆஸ்பத்திரிக்கு யாரையோ பாக்க வந்த மாதிரி உள்ள போயி, ஒரு வார்டுல எத்தனை பெட்டு, எத்தனை ஆளுன்னு எண்ணிட்டு வாங்கன்னு. அவரு படிக்காத மனுஷன், எனக்கென்னம்மா தெரியும்னாரு. கரும்பு வண்டி எண்ற கண்ணு சித்தப்பா உங்களுக்கு, எண்ணுங்கன்னேன். போன வாரம் ஏஜென்ட் சொன்ன இடத்துக்குப் போயிட்டு வெளிய நின்னே போன் பண்ணினாரு. "அம்மாடி, 30 கட்டில் கெடக்கு, ஆளு நாலு பேருதான் படுத்திருக்காங்க, அதுல ஒருத்தரு அங்க வேலை பாக்கற வாட்ச்மேனு"ன்னாரு. மறுநாள் சிதம்பரம் போனாரு. அங்க வராண்டாவுலயே பாய் போட்டு ஆளு இருக்கு, எண்ணி முடியலன்னாரு. கவுன்சிலிங் அப்ளிகேஷன் போட்டாச்சு, முதல் சாய்ஸ் சிதம்பரம். ஜிஎன்எம் அப்ளிகேஷனும் தனியா வாங்கி வெச்சிருக்கா, ரேங்க் லிஸ்ட் வர்ற வரைக்கும் தினம் ரெண்டு டிரிப் கணக்கு போட்டு எனக்கு போட்டோ அனுப்பச் சொல்லியிருக்கேன், நேத்து அனுப்பினதுல ரெண்டும் சரி.